பூச்சிகளிலும் பறவைகளிலும் உங்களை மிகவும் வியக்க வைத்த திறமை எது? அது பழகி வருவதா, பிறப்பிலேயே வருவதா?

பருந்தின் கண், தேனீயின் நடனம், எறும்பு தூக்கும் பாரம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிட்டவற்றை விட்டுவிடுகிறேன். நான் மட்டக்களப்பில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். வேலை பெரும்பாலும் வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில்தான். என்னைக் கேட்டால் முதல் இடம் அறக்கொட்டிக்கு.

இந்தப் பக்கத்து விவசாயிகள் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நெல்லின் அடித்தண்டில் இருந்து சாறு குடிக்கும் சின்னஞ்சிறு பூச்சி இது. திணைக்களத் துண்டுப்பிரசுரங்களில் கபில நிறத் தத்தி, தமிழ்நாட்டில் புகையான். கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் பச்சைப் பசேலென்று நின்ற வேளாண்மை சில நாட்களிலேயே வட்டம் வட்டமாகக் கருகிக் கிடக்கும். நகையை அடகு வைத்து விதைத்தவர் வரம்பில் வந்து பேச்சில்லாமல் நிற்பார். அவரிடம் போய் இந்தப் பூச்சியின் பெருமையைப் பேச முடியாது. ஆனால் நீங்கள் கேட்டது திறமையைப் பற்றி; நல்ல குணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பேன்.

பயிரை இரண்டு கைகளாலும் விலக்கி, குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளத்தில், தவிட்டு நிறத்தில், ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கும். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் எல்லாம் பறந்துவிடாது. பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபுறம் போய் மறையும். தண்டைச் சுற்றி நீங்கள் விரலைக் கொண்டுபோனால் அதுவும் சுற்றும். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் இரண்டு விதமான பூச்சிகள் இருப்பது தெரியும். ஒன்றின் செட்டை உடம்பைத் தாண்டி நீண்டு, உள்ளே இருப்பது தெரியுமளவுக்கு மெல்லியதாக இருக்கும். மற்றதன் செட்டை பாதி முதுகோடு நின்றுவிடும். வயிறு பருத்துப் பிதுங்கியிருக்கும்.

ஒருமுறை வயதான விவசாயி ஒருவர் இரண்டையும் உள்ளங்கையில் தட்டிப் போட்டுக் காட்டினார். “மிஸ், நெட்டைச் செட்டை ஒரு சாதி, குட்டைச் செட்டை இன்னொரு சாதி. இரண்டுக்கும் வேறு வேறு மருந்தா அடிக்க வேண்டும்?”

“இல்லை ஐயா, இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள்.”

அவர் நம்பவில்லை. நம்புவது கஷ்டம்தான். எந்தச் செட்டை வளர வேண்டும் என்பதை அது குடிக்கும் சாறுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பயிர் இளசாகவும் செழிப்பாகவும் இருந்தால் குட்டைச் செட்டைகளே அதிகம் வரும். எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் பறக்கும் தசையை வளர்ப்பது வீண் செலவு. அந்தச் சத்து முட்டைக்குப் போகிறது. குட்டைச் செட்டைப் பெண் முந்தியே முட்டையிடத் தொடங்கும், கூடுதலாகவும் இடும். பயிர் முற்றித் தளர்ந்து, கூட்டமும் நெரிசலானால், அடுத்து வரும் தலைமுறையில் நீண்ட செட்டைக்காரர்கள் கூடிவிடுவார்கள். 2015 இல் சீன ஆய்வாளர்கள் இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். இந்தப் பூச்சியின் உடம்பில் இன்சுலினை உணரும் ஏற்பிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நீண்ட செட்டையை வளரவிடும், மற்றது அதைத் தடுத்துக் குட்டையாக்கும். முற்றும் நெல்லில் குளுக்கோஸ் கூடுவது நீண்ட செட்டைக்குத் தூண்டுதல் என்பது சில ஆண்டுகளில் அடுத்த ஆய்வில் தெரியவந்தது. சீனி வருத்தம் வந்தால் டொக்டர் நம்மிடம் பேசும் அதே இன்சுலின் வழிதான். நமக்கு மருந்தோடும் மாத்திரையோடும் போகும் கதை, அறக்கொட்டிக்கு ஊரைவிட்டுப் போவதா இருப்பதா என்ற முடிவு.

போவது என்று முடிவெடுத்தால் அது போகும் தூரத்தைக் கேளுங்கள். ஜப்பானின் குளிர்காலத்தை இந்தப் பூச்சியால் தாங்க முடியாது. ஆனாலும் ஆண்டுதோறும் கோடையில் அங்கே நெல் வயலில் இருக்கும். தெற்கே வெப்ப நாடுகளில் பெருகி, சீனா வழியாகக் காற்றோடு ஏறி, கடலைத் தாண்டி வந்து இறங்குகிறது. 1732 இல் மேற்கு ஜப்பானில் வந்த பெரும் பஞ்சத்துக்குத் தத்திக் கூட்டங்களே முக்கிய காரணம் என்கிறார்கள்.

இது பாடவும் செய்யும். மட்டக்களப்பு மீன் பாடும் ஊர் என்று பேர் பெற்றது. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்டதாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நெல் தண்டில் நடக்கும் பாட்டை யாரும் கேட்டதில்லை. பெண் அறக்கொட்டி வயிற்றை அசைத்துத் தண்டை அதிர வைக்கும். அந்த அதிர்வு தண்டின் வழியே போகும், காற்றில் வராது. அதே பயிரில் இருக்கும் ஆண் காலால் அதை உணர்ந்து, தன் பங்குக்கு அதிர வைத்துப் பதில் சொல்லி, பதிலுக்குப் பதில் கேட்டபடியே தேடி வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்துப் பதிவு செய்தால்தான் மனிதக் காதுக்கு எட்டும்.

முட்டையை இலையுறைக்குள் கீறி வைப்பது அடுத்த கெட்டித்தனம். மேலே தெளிக்கும் மருந்து அங்கே சேராது. மருந்து என்னவோ சிலந்திகளைக் கொல்லும், அறக்கொட்டியின் முட்டையைத் தேடித் தின்னும் இன்னொரு சிறு பூச்சியையும் கொல்லும். ஒரு வாரம் கழித்து முட்டை பொரித்து வெளியே வரும்போது எதிரியே இல்லாத வயல். இந்தோனேசியா இதைப் பட்டுத்தான் அறிந்தது. 1986 இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிகொல்லிகளை அந்த நாட்டு ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று தடை செய்தது. நான் வட்டையில் நின்று தண்ணீரை வடியுங்கள், யூரியாவைக் குறையுங்கள், சிலந்தியைப் பார்த்தால் விட்டுவிடுங்கள் என்று சொன்னால், மருந்துக் கடையில் ஒரு போத்தலின் பெயரை எழுதித் தருபவரையே நல்ல உத்தியோகத்தர் என்கிறார்கள். அது வேறு கதை.

அறக்கொட்டியை முதலில் வைத்ததற்குக் காரணம், எந்தத் திறமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை அது உள்ளங்கையிலேயே காட்டிவிடுகிறது என்பதுதான். முட்டை வேண்டுமானால் பறப்பதை விடு, பறக்க வேண்டுமானால் முட்டையைக் குறை. ஒரு பறவையோ பூச்சியோ ஏதாவதொன்றில் கெட்டியாக இருந்தால், இது எதை விட்டுக்கொடுத்து இதை வாங்கியது என்று நான் தேடத் தொடங்குவேன்.

வாவிக்கரையில் இருப்பவர்கள் நீர்க்காகத்தைப் பார்க்காமல் ஒரு நாளையும் கழிக்க முடியாது. வலைக்கட்டுக் கம்பில் உட்கார்ந்து இரண்டு செட்டைகளையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். தண்ணீரிலேயே பிழைக்கும் பறவைக்கு நனையும் இறகு எதற்கு? தாராவின் இறகில் தண்ணீர் ஒட்டாது. இறகுக்குள் காற்றும் நிறைய நிற்கும், அதனால் மிதக்கும். மீனைத் துரத்தி மூழ்க வேண்டிய பறவைக்கு அந்த மிதப்பு பெரிய இடைஞ்சல். நீர்க்காகத்தின் இறகில் வெளிப்பகுதி நனையும், உள்பகுதி நனையாது. உடம்பையொட்டி மெல்லிய காற்றுப்படலம் மட்டும் மிஞ்சும். லேசாக மூழ்கலாம், கரையேறிக் காயத்தான் வேண்டும்.

கூகையும் ஏறக்குறைய இதே பேரத்தைத்தான் செய்திருக்கிறது. ஊரில் கூகை கத்தினால் சாவு என்பார்கள், கல்லெடுத்து எறிவார்கள். ஒரு எலி வரம்பில் எத்தனை வளை போடும், எவ்வளவு கதிரை அறுத்து உள்ளே இழுக்கும் என்று தெரிந்த விவசாயி எறியமாட்டார். இரவில் அது வந்து உட்காரத் தென்னை மட்டையை வயலில் நட்டுவைப்பார். கூகையின் இடது காதுத்துளை வலதை விடச் சற்று உயரத்தில் இருக்கிறது. ஒலி ஒரு காதுக்கு முந்தி வருவதை வைத்து இடமா வலமா என்று அறியும். ஒரு காதில் கூடுதலாகக் கேட்பதை வைத்து மேலா கீழா என்று அறியும். முழு இருட்டறையில் எலியை ஓடவிட்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள், கூகை பிடித்தது. பிறகு எலியின் வாலில் காகிதத்தைக் கட்டி, சத்தமெழாத தரையில் ஓடவிட்டார்கள். கூகை எலியை விட்டுக் காகிதத்தின் மேல் பாய்ந்தது. மணமும் சூடும் அல்ல, சத்தம் மட்டுமே வழிகாட்டுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எலியின் சத்தம் கேட்க வேண்டுமானால் தன் செட்டையின் சத்தம் கேட்கக்கூடாது. கூகையின் முன்னோரத்து இறகில் சீப்பின் பற்களாக நுண்ணிய முட்கள் வரிசையாக இருக்கும். மேற்பரப்பு முழுக்க மெல்லிய பூம்பஞ்சு, பின்னோரம் பிசிறு பிசிறாக. காற்று கிழிபடும் ஓசை அங்கேயே அடங்கிவிடும். இவ்வளவு மென்மையான இறகு மழைக்கு ஆகாது. சீக்கிரம் நனைந்து ஊறிவிடும், மழைச் சத்தத்தில் எலியின் நடமாட்டமும் கேட்காது. எங்கள் மாரி மழை விடாமல் பிடித்துக்கொண்டால் கூகைக்குப் பட்டினிதான்.

உழுது தண்ணீர் கட்டிய வயலில் நத்தைகுத்தி நாரையைப் பார்த்திருப்பீர்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி நிற்கும்; இரண்டு பாதிகளும் நுனியில்தான் சேரும். ஜூலியன் ஹக்ஸ்லி போன்ற பெரிய உயிரியலாளரே, அந்த இடைவெளியில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டிபோல் நொறுக்குகிறது என்று முடிவு கட்டியிருந்தார். பின்னர் பிலிப் கால் என்ற ஆய்வாளர் நாரைகளை நேரில் நெடுங்காலம் கவனித்துவிட்டு அது அப்படியல்ல என்றார். யாரும் கண்ணால் பார்க்கலாம். நாரை சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவும். நத்தை அகப்பட்டதும் மேலலகால் அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். கீழலகின் கூர் நுனியை நத்தையின் மூடிக்கும் ஓட்டுக்கும் நடுவே செலுத்தும். தலை மட்டும் வேகமாக அசையும். உள்ளே ஓட்டோடு சதையைப் பிடித்திருக்கும் தசை அறுந்ததும், சதையை உருவி எடுத்து அண்ணாந்து விழுங்கும். நாரை போன பிறகு அந்த இடத்தில் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை உடையாமல் முழுசாக இருக்கும். கீழலகின் நுனி பெரும்பாலும் சற்று வலப்பக்கம் திரும்பியிருக்கும். நம் வயல் நத்தையின் வாயும் வலப்பக்கம்தான். குஞ்சுகளின் அலகில் இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் விழும்.

தும்பிக்கு வருகிறேன். ஐப்பசியில் முதல் மழையோடு வட்டைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பி, மாலைதீவிலும் ஒக்டோபர் மாதம் திடீரென்று தோன்றும். அந்தத் தீவுகளில் தும்பி முட்டையிட்டுப் பெருகும்படி நன்னீர் தேங்குவது அரிது. பிறகு இவை எங்கிருந்து வருகின்றன என்று அங்கே வாழ்ந்த உயிரியலாளர் சார்ள்ஸ் அன்டர்சன் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, 2009 இல் விடையை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து புறப்பட்டு, உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து, மாலைதீவு வழியே கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகின்றன; அங்கே மழைக்குளங்களில் பெருகி, அடுத்த தலைமுறைகள் திரும்பி வருகின்றன. சுற்று முழுவதும் 14,000 முதல் 18,000 கிலோமீற்றர், நான்கு தலைமுறைகள். போகும் வழியைத் தாயிடம் கேட்க வாய்ப்பே இல்லாத பயணம். இரை பிடிப்பதிலும் புலி சிறுத்தையெல்லாம் தும்பியிடம் பிச்சை வாங்க வேண்டும். பாய்ந்த இருபதில் பத்தொன்பதைப் பிடித்துவிடும் என்று அளந்திருக்கிறார்கள். இரையின் பின்னால் துரத்துவதில்லை; இரை போய்ச் சேரப்போகும் இடத்துக்கு முந்திப் போகிறது. விலை என்னவென்றால் தும்பிக்கு நடக்கத் தெரியாது. ஆறு கால்கள் இருந்தும், இரையைக் கூடையாக அள்ளவும் குச்சியைப் பற்றவும்தான் உதவும்.

தூரம் என்று வந்தால் மூக்கனைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்காலத்தில் நம் களப்புகளுக்கு வரும் உள்ளான்களுக்குச் சொந்தக்காரப் பறவை. 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து முடித்தது. உடம்பில் பொருத்திய கருவி காட்டிய கணக்கு இது. புறப்படுவதற்கு முன் இந்த இனம் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்ளும். வழியில் சாப்பாடு இல்லை, அந்தப் பாரத்தைச் சுமந்து என்ன பயன்?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: பழகி வருவதா, பிறப்பிலேயே வருவதா. அறக்கொட்டியும் தும்பியும் யாரிடமும் கற்பதில்லை. ஆனால் தூக்கணாங்குருவியைப் பார்த்தால் பதிலை மாற்ற வேண்டியிருக்கும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் பனைகளிலும், நீர் ஓரத்து முள்மரங்களிலும் கூடுகள் தொங்கும். கட்டுவது ஆண். நெல் இலையின் ஓரத்தை அலகால் கடித்து ஒரு வெட்டுப் போட்டு, நுனியைப் பிடித்தபடி பறந்தால் நீண்ட நார் ஒன்று கிழிந்து வரும். ஒரு கூட்டுக்கு இப்படி நூற்றுக்கணக்கான முறை போய்வர வேண்டும். பாதி கட்டி முடித்ததும் தொங்கிக்கொண்டு செட்டையை அடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் இருக்கும். அதற்குப் பிறகுதான் முட்டை அறையையும் நீண்ட குழாய் வாசலையும் ஆண் முடிக்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே நிற்கும், ஆண் வேறொன்றைத் தொடங்கும். பனையில் தொங்குவதில் பாதிக்கு வாசல் குழாய் இல்லாதிருப்பதன் காரணம் இதுதான். உள்ளே ஈரக் களிமண்ணை அப்பியிருக்கும். வெளிச்சத்துக்காக மின்மினியை அதில் ஒட்டிவைக்கும் என்பார்கள்; அழகான கற்பனை. காற்றில் கூடு ஆடாமல் இருக்கப் பாரம் வைக்கிறது என்பது பொருத்தமான விளக்கம்.

இந்த நெசவு எங்கிருந்து வருகிறது? ஆபிரிக்காவைச் சேர்ந்த இதே குடும்பத்து நெசவுக் குருவிகளைக் கூண்டில் வளர்த்துச் சோதித்த ஆய்வாளர்களான கொலியாஸ் தம்பதியர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நார் கொடுக்காமல் வளர்த்த இளம் ஆண்கள் பெரிதானதும் ஒழுங்காக நெய்யவில்லை. நாரை எடுத்து முடிச்சுப் போட வேண்டும் என்ற துடிப்பு பிறப்பிலேயே இருக்கிறது; கை வருவது பழக்கத்தில். நம் ஊர்க் குருவிகளிலும் இளம் ஆண்கள் கோணல்மாணலாகக் கட்டி அவிழ்ந்து விழுவதைப் பார்க்கலாம். அவற்றுக்கு எந்தப் பெண்ணும் எட்டிப் பார்க்காது.

இலையைக் கிழிக்கிறது, விரட்ட வழி சொல்லுங்கள் என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. கிழிபடும் இலையால் விளைச்சலில் ஒரு மரைக்கால் நெல்கூடக் குறையாது. கதிரில் பால் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து அறுவடை வரைதான் குருவிக் கூட்டத்தால் நட்டம். அந்த நாட்களுக்கு மட்டும் காவல் போடுங்கள், கூட்டை அறுக்க வேண்டாம் என்பேன்.